ஏழாம் எண் கயிற்றின் குறை

பல்லடத்திலிருந்து உடுமலை போகிற சாலையில் நஞ்சப்பனின் ஆலை இருக்கிறது. உள்ளே நுழைந்தால் இடது கைப்பக்கம் கடைசியாக ஓர் அறை. அதன் வாசலில் எந்நேரமும் நாலைந்து ஜோடிச் செருப்பாவது கிடக்கும். உள்ளே தூசு போகக் கூடாது என்று வைத்த விதி அது. ஆனால் ஆலையில் பாதிப் பேருக்குக் காரணம் வேறு. அது ராமன் அறை; ராமன் இருக்கிற இடத்துக்குச் செருப்போடு போகலாமா? வாட்ச்மேன் அந்த வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வதைக் கோகிலவாணியே பார்த்திருக்கிறாள். இது ஒளியை ஆராய்ந்த விஞ்ஞானி ராமன், வில்லை ஒடித்தவர் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்தினாள். அப்புறம் விட்டுவிட்டாள். எந்த ராமன் பேரைச் சொல்லியாவது தூசு வராமல் இருந்தால் சரி.

கோகிலவாணிதான் அந்த அறைக்குத் தலைவி. தற்பெருமை பேசுவதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. ஆலை ஒரு காலத்தில் பஞ்சு நூற்றது. இப்போது கார்பன் நானோ குழாய் நூற்கிறது. தட்டுகளில் கறுப்புப் புல் மாதிரி வளர்ந்து நிற்கும் குழாய்க் கூட்டத்தை ஓர் ஓரத்தில் பிடித்து இழுத்தால், பஞ்சிலிருந்து நூல் வருவது போலவே வரும். முடியை விட மெல்லிய அந்த நூலை முறுக்கி, முறுக்கியதைப் பின்னி, கட்டை விரல் பருமனுக்குக் கயிறாக்கி விட்டால் யானைக் கூட்டத்தையே கட்டித் தூக்கலாம். ஆனால் ராமன் அறையின் லேசர் சோதனையைத் தாண்டாமல் ஒரு முழம் கயிறு கூட வெளியே போகாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் கூட, "நான் பார்த்து அனுப்பின கயிறு இதுவரைக்கும் ஒண்ணு கூட அறுந்ததில்லை" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லாமல் அவளுக்குப் பாயசம் இறங்காது.

அந்தக் கயிறுகளில் ஏழாம் எண் கயிறு அவளுக்குச் செல்லப் பிள்ளை. அது வங்கக் கடலில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், ஒரு மிதவை மேடையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துக்குத் தொங்குகிறது. அதன் முனையில் ஒரு வீடு. வீடு என்றால் கனத்த இரும்புக் கூடு. கடலடித் தரையிலிருந்து பொறுக்கி வரும் உலோக உருண்டைகளைத் தரம் பிரிக்கிற ஆட்கள் அதற்குள் தங்கி வேலை செய்கிறார்கள். உருண்டைகள் குழாய் வழியே தனியாக மேலே போய்விடும். ஆட்களும் சாப்பாடும் தண்ணீரும் கூண்டில் இறங்கும். பதிவேட்டில் இருப்பது பத்தொன்பது பேர். ஆபத்து வந்தால் ஏறித் தப்பும் கலத்தில் இருப்பதும் பத்தொன்பது இருக்கைதான்.

புரட்டாசியில் ஒரு நாள் கோகிலவாணி நஞ்சப்பன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முதலாளி நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தார்.

"ஏனம்மிணி, மொகமே செரியில்லையே?"

"ஏழாம் நெம்பர் கயித்துல எடை கூடிட்டே போகுதுங்க முதலாளி."

"எடைய நீ எப்படிப் பாத்தே? இங்க உக்காந்துட்டு?"

"மேடையில நம்ம லேசர் பொட்டி ஒண்ணு இருக்குதுங்களே, அது தினமும் கயித்தைப் பாத்து அனுப்புது. வெளிச்சம் கயித்துல பட்டுத் திரும்பறப்போ கொஞ்சம் நிறம் மாறித் திரும்பும். எவ்வளவு மாறுச்சோ அதை வெச்சு உள்ள இருக்கற குழாய் எப்படி அதிருதுன்னு தெரியும். அதுதான் அதோட குரல்னு வெச்சுக்குங்க. கயித்தை இழுத்தா அந்தக் குரல் இறங்கும்."

நஞ்சப்பன் நெல்லிக்காயைக் கீழே வைத்தார். படிப்பு குறைவானாலும் ஆள் கெட்டி. "தந்தியை முறுக்குனா சுதி ஏறத்தானே செய்யும்? இது எப்படி இறங்குது?"

"நல்லாக் கேட்டீங்க. இழுக்கறப்போ அணுவுக்கும் அணுவுக்கும் நடுவுல இருக்கற பிடி கொஞ்சம் இளகுதுங்க. அதனால இறங்குது. ஆனியிலிருந்து பாக்கறேன், மாசா மாசம் இறங்கிட்டே வருது. அதை விடுங்க, இன்னொண்ணு இருக்குது. கூண்டுல சாப்பாடும் தண்ணியும் இறங்குற அன்னைக்கு எடை சட்டுனு ஏறும். அப்பறம் தின்னத் தின்ன, கழிவை வெளிய தள்ளத் தள்ள, கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். போன வருசம் மெதுவாக் கொறைஞ்சுது. இப்போ மளமளன்னு கொறையுது."

"அப்படீன்னா?"

"பத்தொம்பது வாய் திங்கற வேகம் இல்லீங்க இது. நாப்பதுக்கு மேல இருக்கும்."

முதலாளி கேட்ட கேள்வி ஒரு கயிற்று வியாபாரி கேட்க வேண்டிய கேள்விதான். "கயிறு தாங்குமா?"

"கயித்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க. இதுக்கு மேல மூணு மடங்கு ஏத்துனாலும் அசையாது. ஆனா தப்பற கலத்துல எடம் பத்தொம்பதுதானுங்களே. ஐப்பசி பொறக்கப் போகுது. புயல் வந்தா மேடைக்காரங்க கயித்தைக் கழட்டி விட்டுட்டு ஒதுங்கிருவாங்க. கீழ இருக்கறவங்க அந்தக் கலத்துல ஏறித்தான் வரோணும். மிச்சப் பேர் எதுல வருவாங்க?"

கடலடித் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் அதிகாரி ரகோத்தமன் மறுநாள் திரையில் வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு. கோகிலவாணி சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், நானும் கொஞ்சம் படிச்சிருக்கேன். சூடு பட்டாலும் நீங்க குரல்னு சொல்ற இந்த முகடு இறங்கும் இல்லையா? மேடையில வெயில் கொளுத்துது. உங்க கயிறு வெயில்ல காயுது, அவ்வளவுதான்."

"நல்ல சந்தேகம்தான் சார். ஆனா குழாய்க்கு இன்னொரு குரலும் இருக்கு. மூச்சு விடற மாதிரி அது அகலமாகிச் சுருங்குமே, அந்தக் குரல். வெயில்னா ரெண்டு குரலும் சேர்ந்து இறங்கும். இழுத்தா முதல் குரல் மட்டும் இறங்கும், மூச்சுக் குரல் இருந்த இடத்துலயே நிக்கும். இப்போ நின்னுக்கிட்டுதான் இருக்கு."

ரகோத்தமனின் சிரிப்பில் ஒரு மடிப்பு கலைந்தது. "சரி மேடம். இனிமே அளவுகளை எங்க ஆபீஸ் மூலமா முறைப்படி சரிபார்த்து அனுப்பறோம்" என்றார்.

அனுப்பினார்கள். அந்த வாரத்திலிருந்து அளவுகள் சொக்கத் தங்கமாக வந்தன. எடை பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது. பத்தொன்பது பேர் அளவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணிக்கே தன் மேல் சந்தேகம் வந்தது. நம் கணக்குதான் பிசகோ, பெருமைக்காரிக்குச் சாமி வைத்த குட்டோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தாள்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை, வந்த அளவைத் திரையில் விரித்தாள். கோடு பளிச்சென்று இருந்தது. அதன் அடிப்பகுதி தரையோடு தரை. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஏதோ இடித்தது. என்ன என்று புரிந்ததும் போனை எடுத்து மேடையில் லேசர் பெட்டியைக் கவனிக்கும் சகாயமேரியைக் கூப்பிட்டாள்.

"மேரி, நேத்து கயித்துக்கு மஞ்சள் பூசலையா நீ?"

"பூசாம இருப்பேனாக்கா? ஆயுத பூசையும் அதுவுமா! மஞ்சள், குங்குமம், சந்தனம் எல்லாம் வெச்சு, பூசணிக்கா கூட உடைச்சோம். கோயிலுக்குப் போறவன் போகாதவன்னு இல்ல, ஊர்ல சர்ச்சுக்குப் போற நான்தான் இங்க முதல்ல பொட்டு வைப்பேன். ஏன்க்கா, இந்த வருசமும் திட்டப் போறீங்களா?"

வருடா வருடம் திட்டுதான். மஞ்சளுக்கு லேசர் பட்டால் ஒளிரும் குணம் உண்டு. அது ஒளிர்ந்தால் கோட்டுக்கு அடியில் ஒரு குன்று எழும்பும். கயிற்றின் குரல் அந்தக் குன்றின் மேல் ஏறி நின்று கூவும். மழை பெய்து மஞ்சள் போகும் வரை கோகிலவாணி அந்தக் குன்றைக் கழித்துக் கழித்துக் கணக்குப் பார்ப்பாள். வெளிச்சம் படுகிற இடத்தை விட்டு மற்ற இடத்தில் பூசித் தொலையேன் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. சாமி பார்க்கிற இடத்தில்தானே பொட்டு வைக்க வேண்டும் என்பது மேரியின் வாதம்.

இந்த வருடம் குன்று இல்லை.

"லேசர் படற எடத்துலதானே பூசினே?"

"அதே இடம்தான். திட்டு வாங்கற இடம்."

"மேரி, இங்க வந்திருக்கறது நேத்து அளந்த அளவே இல்ல. போன வருசத்துப் பழைய அளவைத் தேதி மாத்தி அனுப்பறாங்க. உன் திரையில இருக்கறதை அப்படியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு."

படம் வந்தது. மஞ்சள் குன்று கம்பீரமாக நின்றது. அதன் தலையில் கயிற்றின் முகடு, முன்னை விட இன்னும் கீழே இறங்கி. மேரி கூடவே பேசினாள். குரலில் விளையாட்டு போய்விட்டிருந்தது.

"அக்கா, சாயங்காலம் எங்க ஷிப்ட் முடிஞ்சப்புறம் கான்ட்ராக்ட்காரன் படகு ஒண்ணு வரும். ஆளுங்க இறங்குவாங்க. மறுநாள் காலையில மேடையில அவங்க இருக்க மாட்டாங்க. கரைக்குப் போயிட்டாங்கன்னு சொல்வாங்க. நானும் நம்பிட்டேன்க்கா. அவங்க பேரு கூட எனக்குத் தெரியாது."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு இருக்காங்க" என்றாள் கோகிலவாணி. சொன்ன பிறகுதான், மறைத்தது பூசணிக்காயை இல்லை, சோறு தின்கிற மனிதர்களை என்று உறைத்தது. அவளுக்கு அழுகை வந்தது.

கடல் தளங்களைக் கண்காணிக்கும் அரசுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். சொந்தப் போனில் எடுத்த படம் முறையான அளவு ஆகாதாம். முறையான அளவு நிறுவனம் அனுப்பியதுதானாம், அதில் குறை ஒன்றும் இல்லையாம். ஆனாலும் புகாரை எடுத்துக்கொண்டார்களாம். தீபாவளி கழித்து ஒரு தேதி தருவார்களாம். அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேன்டீன் டிவியில், அந்தமானுக்குப் பக்கத்தில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டது என்று செய்தி ஓடியது. இந்த வாரக் கடைசிக்குள் புயலாகுமாம்.

அன்று பிற்பகல் கோகிலவாணி மறுபடி முதலாளி அறைக் கதவைச் சாத்தினாள்.

"ஒரு வழி இருக்குதுங்க. கயித்தைச் செஞ்சவங்களே கயிறு கெட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுத்தா, விசாரணை கெடையாது, வாய்தா கெடையாது. அன்னைக்கே கடலோரக் காவல்படை போய், அவங்க கூண்டை எறக்கி, ஒவ்வொரு ஆளா எண்ணி மேல எடுத்தாகோணும். சட்டம் அப்படி."

"அப்படி ஆராச்சும் எழுதியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லீங்க."

இருக்கவே இருக்காது. எந்த வியாபாரி தன் கத்தரிக்காய் சொத்தை என்று தானே தெருவில் கூவுவான்?

நஞ்சப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார். "செரி. கயித்துல கொறை இருக்குதா?"

"எள்ளளவும் இல்லீங்க. குழாய் ஒடைஞ்சிருந்தா டி முகடுன்னு ஒண்ணு எழும்பும். நம்ம கயித்துல அது தரையோட தரையாப் படுத்துக் கெடக்குது. நீங்க பார்க்கோணுமே அதை, அவ்வளவு அழகு!"

"அப்பறம் பொய் எழுதச் சொல்றியா என்னை?"

"நான் எழுதறனுங்க. அளவு சொல்றதும் கையெழுத்துப் போடறதும் நான்தானுங்களே. நீங்க தடுக்காம இருந்தாப் போதும்."

"அம்மிணி, வாசல்ல என்ன போர்டு வெச்சிருக்கறேன்னு தெரியுமல்லோ? அறாத கயிறுன்னு வெச்சிருக்கறேன். ஜப்பான்காரன் வந்து அந்த போர்டுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனான்."

"தெரியுமுங்க. அந்த போர்டுதான் இப்போ வெனையே. நம்ம கயிறு அறாதுங்கற தைரியத்துலதானே அவங்க மேல மேல ஏத்திட்டே போறாங்க? ஓட்டைக் கயிறா இருந்திருந்தா பயந்திருப்பாங்க. நாம நல்லாச் செஞ்சதை வெச்சு அவங்க கெட்டது பண்றாங்க. எனக்கு அதுதான் பொறுக்கலைங்க."

இருபது வருடமாகத் தான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக அவள் எழுதியதில்லை. ஒரு தடவை அமைச்சர் திறப்பு விழாவுக்கு வந்து நின்றபோது கூட, முகடு சரியில்லை என்று கயிற்றைத் திருப்பி அனுப்பியவள். கோகிலவாணி எழுதினால் சரியாக இருக்கும் என்பதுதான் அவள் சேர்த்து வைத்த ஒரே சொத்து.

நஞ்சப்பன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே போர்டின் பின்பக்கம் தெரிந்தது. பிறகு திரும்பினார்.

"எழுது. ஆனா அந்த டி-யோ என்னமோ, அதைக் கொஞ்சம் சின்னதா எழுது, கேட்டயா? நெம்ப உசரமா எழுதி மானத்தை வாங்கிறாதே."

"சின்னதா எழுதினா எறக்க மாட்டாங்களேங்க."

"அட, எழுதித் தொலை போ!" என்றார் முதலாளி. கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அன்றே செய்தி பரவியது. பல்லடத்துக் கயிறு கெட்டுப் போச்சாம். கேன்டீனில் கோகிலவாணி உட்கார்ந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. நூற்புப் பகுதியின் பூங்கோதை, பதினைந்து வருடமாக அந்தக் கறுப்பு நூலை விரல் நுனியில் ஏந்திப் பழகியவள், நேராக வந்து கேட்டாள்.

"ஏனுங்க்கா, நாங்க நூத்த நூலு கெட்டுப் போச்சுங்களா? எந்தக் கோன்ல, எந்த ஷிப்ட்ல? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறோம்."

கோகிலவாணியால் சொல்ல முடியவில்லை. உண்மை வெளியே கசிந்தால் காவல்படைக் கப்பல் பாதி வழியில் திரும்பிவிடும். "அப்பறமாச் சொல்றேன் பூங்கோதை" என்றாள்.

"சொல்லாட்டிப் போச்சாது" என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை போய்விட்டாள். அறுந்த கயிறு அடித்தால் கூட அப்படி வலித்திருக்காது.

மறுநாள் மதியம் எல்லோரும் கேன்டீன் டிவிக்கு முன்னால் நின்றார்கள். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மேடைக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. காவல்படையின் கூண்டு ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் ஆட்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குள் வந்தார்கள். செய்தி சொல்லும் பெண் எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தொன்பது ஆனதும், மீட்புப் பணி முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். கூண்டு மறுபடி கீழே இறங்கியது.

இருபது. இருபத்தொன்று. வந்தவர்களுக்குச் சீருடை இல்லை. ஒருவனுக்குக் காலில் செருப்பு இல்லை. ஓர் ஆள் மேடையில் கால் வைத்ததும் அப்படியே உட்கார்ந்து வானத்தைப் பார்த்து அழுதான். கடைசி ஆள் வந்தபோது எண்ணிக்கை நாற்பத்து மூன்றில் நின்றது.

கூட்டத்திலிருந்து பூங்கோதை மட்டும் திரும்பிக் கோகிலவாணியைப் பார்த்தாள். ஒரு டம்ளர் டீ கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

புயல் மேடையை உலுக்கி எடுத்துவிட்டுக் கரை கடந்தது. நிறுவனத்தின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். பெரிய மனிதர்கள் இருவர் கைதானார்கள். ஆனால் சட்டம் அத்தோடு விடவில்லை. குறை என்று எழுதப்பட்ட கயிறு எதுவானாலும், எல்லோர் முன்னாலும் இழுத்துப் பார்த்து, எழுதியது மெய்யா என்று முடிவு சொல்ல வேண்டும். மார்கழியில் ஏழாம் எண் கயிற்றைச் சென்னைக்குக் கொண்டு போனார்கள்.

சோதனைக் கூடத்தில் ரகோத்தமன் வக்கீலோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கயிறு அறுந்தால் கோகிலவாணி எழுதியது மெய்யாகிவிடும். கையெழுத்துப் போடும் உரிமம் தப்பும், பேர் தப்பும், நாற்பத்து மூன்று உயிரைக் காத்த தீர்க்கதரிசி என்று பேப்பரில் போடுவார்கள். ஒரே ஒரு இழை விட்டுக்கொடுத்தால் போதும்.

இயந்திரம் இழுத்தது. கயிறு நின்றது. இரண்டு மடங்கு இழுத்தார்கள், நின்றது. மூன்று மடங்கில் தரை அதிர்ந்தது; பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து தள்ளி நின்றார்கள். கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள். அறுந்துவிடாதே, என் ராசாத்தி, அறுந்து மட்டும் போய்விடாதே என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். கடைசியில் இயந்திரத்திலிருந்து ஒரு முனகல் வந்து எல்லாம் அடங்கியது. கண்ணைத் திறந்தாள். கயிறு கறுகறுவென்று நேராக நின்றது.

"மிஷின் இதுக்கு மேல இழுக்காது" என்றார் சோதனை அதிகாரி.

ரகோத்தமன் எழுந்தார். "குறை இருக்குன்னு எழுதினீங்களே மேடம். எங்கே குறை?"

"கயித்துல இல்லீங்க."

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கே கேட்க மனம் இல்லை என்பது தெரிந்தது. "அப்போ நீங்க எழுதினது பொய்யாம்மா?"

"ஆமாங்க. தெரிஞ்சேதான் எழுதினேன். நம்ம கயித்துல ஒரு மயிரிழை கூடக் குறை கிடையாது. நல்லா எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். இனி எந்தக் கயிற்றுக்கும் அவள் கையெழுத்து செல்லாது என்பதையும் சேர்த்து எழுதினார். ராமன் அறையில் உட்கார்ந்து பார்க்கலாம், அளக்கலாம். கையெழுத்து மட்டும் வேறு யாராவது போட வேண்டும். கோகிலவாணி அந்தத் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். கல்யாணப் பந்தியில் கூட அவள் அவ்வளவு பெருமையாக உட்கார்ந்ததில்லை.

வெளியே நஞ்சப்பன் மரத்தடியில் நின்றிருந்தார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை அவருக்கு.

"ஏனம்மிணி, இத்தனை வருசத்துல நீ சொன்னதே ஒரே ஒரு பொய்யி. அதையும் என்ற கயிறு இப்படிக் காட்டிக் குடுத்துருச்சே?"

"நம்ம கயிறுங்க முதலாளி" என்றாள் கோகிலவாணி. "எனக்காகக் கூடப் பொய் சொல்லாது."